இரண்டு மாத்திரை டப்பாக்கள்

கொரியாவின் பூசான் நகரில் மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உன்ஜு, கீழ்வீட்டு மல்சுனுக்குக் கிம்ச்சி ஊறுகாய் கொடுக்க வந்த இடத்தில் மேசைமேல் இரண்டு மாத்திரை டப்பாக்களைப் பார்த்தாள்.

"என்னக்கா இவ்வளவு மாத்திரை?"

"ரத்தப் புற்றுநோய். ஆளை உடனே கொல்லாது, கூடவே இருக்கும். அதுல ரெண்டு வகை, டப்பாவுக்கு ஒண்ணு," என்றாள் மல்சுன்.

"ஐயோ, வீட்டுல ரெண்டு பேருக்குமா! எப்படியோ, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கீங்களே. உங்க வீட்டுக்காரர் எங்க, ஆஸ்பத்திரியிலயா?"

"தேகு ஊருல, அவரோட அக்கா வீட்டுல. அவருக்கென்ன, தினம் மலை ஏறுறார். ரெண்டும் எனக்குத்தான்."

உன்ஜு கிம்ச்சிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"முதல் வியாதிக்கு ஆறு வருஷம் கஞ்சி காய்ச்சிக் குடுத்தார். ரெண்டாவதும் இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, 'ஒண்ணைத் தாங்கத்தான் எனக்குத் தெம்பு'ன்னு அழுதுக்கிட்டே கிளம்பினார். நான்தான் அவர் துணிமணியை மடிச்சுக் குடுத்தேன்."