செவ்வாயைக் கேட்கும் சக்கரவர்த்தி

அல்லைப்பிட்டிக் கோயில் வளவில் நாலு மணி வெயில் இன்னும் மணலை விட்டுப் போகவில்லை. நாட்டுக்கூத்துக்கு ஒத்திகைப் பழக்கம் நடக்கிறது. சந்திரனையும் சனியையும் பிடித்துவிட்ட வானுலகச் சக்கரவர்த்தியாக ஆடும் எமிலியானுஸ், தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் சுற்றிய மரவாளைத் தம்பியின் கழுத்தில் வைத்தபடி நிற்கிறான். செவ்வாயை ஆளும் அந்தத் தம்பியாக முழந்தாளில் நிற்பவன் அம்புறோஸ். கூத்துக்கு வெளியேயும் அவன் கூடப்பிறந்த தம்பிதான். மூன்று வருடத்துக்கு முன் பனையோலை வேலியைப் புதிதாக அடைத்தபோது, எமிலியானுஸ் அதை ஒரு முழம் அம்புறோஸின் காணிக்குள் தள்ளிக் கட்டினான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மத்தளம் மூன்றாம் தடவையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. எமிலியானுஸிடமிருந்து பாட்டு வரவில்லை. வாள் அசைய, ஈயத்தாளின் வெளிச்சம் அம்புறோஸின் கன்னத்தில் ஓடித் திரிகிறது. “அண்ணாவியார், இவனைத் தலையைக் குனியச் சொல்லுங்கோ” என்கிறான் சக்கரவர்த்தி. “கெதியாப் பாடச் சொல்லுங்கோ அண்ணாவியார், முழங்கால் சுடுது” என்கிறான் செவ்வாயின் அரசன், மணலைப் பார்த்து. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை மடியில் இறுக்குகிறார். “என்னட்டை ஏன் சொல்லுறியள்? நாளையிண்டைக்குக் கூத்து. பாட்டு ‘தம்பி’ எண்டுதான் தொடங்குது, எமிலியானுஸ். அதை மாத்த ஏலாது.” நாலாம் தடவை அடிக்கத் தொடங்குகிறார். வாள் நுனி அம்புறோஸின் தோளைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அம்புறோஸ் தலையை நிமிர்த்தி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அண்ணனை நேரே பார்க்கிறான். எமிலியானுஸ் மூச்சை இழுக்கிறான். மத்தளம் பாட்டின் வாசலில் வந்து நிற்கிறது. சந்திரனையும் சனியையும் விழுங்கிய வாய் திறந்தபடியே இருக்கிறது.