அறுபது கிலோமீட்டர் நடுக்கம்

"மறுபடியும் ஆடுதேம்மா!"

சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. மண்ணுக்கடியில் இருபது வருடமாகக் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள் அது. அந்த முனையில் விடும் ஒளி இந்த முனைக்கு வருவதற்குள் எவ்வளவு சிதறிப்போகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். அளவுக்குள் இருந்தால் புதிய அதிவேக இணைப்பை இதிலேயே கொடுத்துவிடலாம். இல்லையென்றால் அறுபது கிலோமீட்டரையும் தோண்ட வேண்டும். "பழசே போதும், நான் பொறுப்பு" என்று மேலிடத்தில் மார்தட்டிவிட்டு வந்தவர் இவர்தான். தோண்டினால் முதலில் உருளப்போவது இவர் தலை.

திரையில் கோடு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது.

"கேபிள் போச்சா?"

"கேபிள் மேல எனக்குச் சந்தேகமே இல்ல சார்," என்ற பெண் இன்ஜினியர், ஸ்பீக்கரில் இருந்த போனைப் பார்த்துக் கேட்டாள். "லைட் விடற பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"கையிலதான்," என்றான் மறுமுனையில் இருந்த டெக்னீஷியன். ஆபீசில் அவனுக்கு நெட்டை என்று பெயர். "வயர் குட்டை. கீழ வச்சா எட்டல."

"கை நடுங்குதா?"

"இ... இல்லையே!"

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய் நெட்டை! வயர் அசைஞ்சா ரீடிங் ஆடும்னு உனக்குத் தெரியாது? எட்டு வருஷ சர்வீஸ் வேற! சாப்பிட்டியா இல்லையா? போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்து நில்லு!"

"இது காபிக்கெல்லாம் அடங்காது சார்," என்றாள் அவள்.

"அப்போ காய்ச்சலா?"

அவள் ஸ்பீக்கரை அணைத்து, போனோடு ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

திரையில் கோடு எகிறி ஒரு குதி குதித்தது. பிறகு சொன்னபடி கேட்டு நின்றது. எண் வந்தது. சிதறல் வரம்பில் பாதிகூட இல்லை.

"அப்பாடா!" சூப்பர்வைசர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்திருந்தது. தோண்ட வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் கால் மணி நேரமாக் கத்தறேன், அடங்காத கை உனக்கு எப்படிம்மா அடங்குச்சு? அப்படி என்ன திட்டினே?"

"திட்டல சார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு காலையில கேட்டார். சாயங்காலம் சொல்றேன்னு விட்டுட்டேன்," என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் நம்ம கேபிள் தாங்காதுன்னு தெரிஞ்சுது. சம்மதத்த இப்பவே சொல்லிட்டேன்."