பதின்மூன்று அங்குலம்

நாலு கை மாறிய குட்டிக் கார் ஒன்று டயர் கடை வாசலில் நின்றது. புதிதாக வாங்கிய முதலாளி அதன் பதின்மூன்று அங்குல வீல்களைக் கழற்றிவிட்டு, பதினாறு அங்குலத்தில் பளபளவென்று நான்கை மாட்டச் செய்தார். பழைய வீல்கள் இரும்புக் கடைக்குப் போகச் சுவரோரம் சாய்ந்திருந்தன. லட்சம் கிலோமீட்டர் ஓடிய கால்கள். காருக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனசில்லை.

சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"பெரியவரே, இனி ஊரே உங்களைத் திரும்பிப் பார்க்கும்" என்றது புது வீல்.

"என் கதவோரத்துல டயர் அளவு ஒட்டியிருக்கு. படிச்சியா?"

"அதையெல்லாம் யாருய்யா படிக்கிறா?"

முதலாளி ஸ்டியரிங்கை ஒடித்தார். வீல் மட்கார்டில் கரகரவென்று உரசியது.

"மட்கார்டு விளிம்பைக் கொஞ்சம் வெட்டி விடுப்பா" என்றார். மெக்கானிக் கட்டரை எடுத்தார்.

"கொஞ்சம்தானே, பொறுத்துக்குங்க" என்றது வீல்.

"வந்தவன் நீ. வெட்டுப்படறது நானா?" என்று கார் எஞ்சினை நிறுத்திக்கொண்டது.

முதலாளி சாவியைத் திருகினார், திட்டினார், நாலு பேரை வைத்துத் தள்ளினார். கார் அசையவில்லை.

"யாராவது என்மேல ஏறித் தொலைங்கப்பா, வெயில் தாங்கல" என்றது எலுமிச்சம்பழம்.

"அண்ணே, இது ஒத்துக்காது" என்று மெக்கானிக் கட்டரை வைத்துவிட்டுப் பழைய வீல்களையே மாட்டினார். சாவியைத் தொட்டதும் கார் உறுமியது.

"குள்ளமாத்தான் போவீங்க" என்றது சுவரோரம் கிடந்த புது வீல்.

"போவேன்ல" என்ற கார், பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரே ஒடிப்பில் தெருவில் திரும்பியது.