சயோ துள்ளிய நாள்

சயோ துள்ளினாள்.

மூங்கில் வாளைத் தூக்கிப் பிடித்து, "ஏய்ய்ய்!" என்று கத்திக்கொண்டு குதி குதியென்று குதித்தாள்.

பயிற்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் இவாசே, தூக்கிய கொடியை இறக்கவே மறந்துவிட்டார்.

துள்ளியது எதிரே நின்ற கோஹருவாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். டிவியில் வாள்சண்டை அனிமேஷன் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஒரு புள்ளி எடுத்தால் போதும், அந்தக் கதாநாயகி மாதிரியே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். ஜப்பானிய வாள் விளையாட்டான கெண்டோவில் அது ஆகாது. கொண்டாடினால் எடுத்த புள்ளி ரத்து. போதாக்குறைக்கு நடுவர்களோடு மல்லுக்கு வேறு நிற்பாள்.

"கொடி ஏறினா ஏறினதுதான், எதிர்த்துப் பேசக்கூடாது. துள்ளினா புள்ளி போயிடும். இந்த ரெண்டும் உன் மண்டையில எப்பத்தான் ஏறுமோ!" இவாசே தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்.

சயோ நேர் எதிர். பல்லைப் பிடுங்கினாலும் முகம் மாறாது. தெருமுனைக் கல்சாமி 'ஜிசோ'வின் பெயரையே தோழிகள் அவளுக்கு வைத்திருந்தார்கள்.

இருவருக்கும் இது பள்ளியின் கடைசிக் கோடை. மாகாணப் போட்டிக்கான அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஆளுக்கு ஒரு புள்ளி எடுத்தாயிற்று. அடுத்த புள்ளி யாருக்கோ, அவளுக்கே இடம்.

"தலை!" என்று அடிக்கும் இடத்தைக் கூவி சயோ வாளை இறக்கினாள். இவாசே உட்பட மூன்று நடுவர்களின் கொடிகளும் ஏறின. கோஹரு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள்தான் சயோ அந்தக் குதி குதித்தாள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். புள்ளி ரத்து.

"மூணு வருஷமா சிரிச்சுக்கூடப் பார்த்ததில்ல. இன்னிக்குன்னு பார்த்தா உனக்குப் பேய் பிடிக்கணும்?" என்று இவாசே சீறினார்.

"மன்னிச்சிடுங்க சார்." பழைய கல்சாமிக் குரல்.

ஆட்டம் தொடர்ந்தது. சற்று நேரத்தில் கோஹருவின் வாள் சயோவின் மணிக்கட்டில் பளீரென்று விழுந்தது. கொடிகள் ஏறின. இடம் கோஹருவுக்கு.

அவள் துள்ளவில்லை. குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தாள்.

இவாசேவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா சயோ? அடக்கம்னா இது! இவகிட்டக் கத்துக்கோ."

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு கோஹரு வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. "சார், ஐஸ் இருக்கா?"

"அடி வாங்கினவ அவ. உனக்கு எதுக்கு ஐஸ்?"

"தோள் வீங்கிடுச்சு சார். புள்ளி ரத்தாச்சே, அந்த அடி."

"அது தலையிலதானே விழுந்துச்சு? என் கண்ணால பார்த்தேனே!" தன் கண் கழுகுக் கண் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கோஹரு சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். தோளில் வாளின் தடம் செக்கச் செவேலென்று கன்றியிருந்தது. கெண்டோவில் தோளில் விழும் அடிக்குப் புள்ளியே கிடையாது.

இவாசே மெல்ல சயோ பக்கம் திரும்பினார். "தப்பா குடுத்த புள்ளின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

வாளைப் பையில் போட்டுக்கொண்டே, முகம் மாறாமல் சொன்னாள் சயோ:

"எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க சார். துள்ளினா புள்ளி போயிடும்னும் நீங்கதானே சொன்னீங்க?"