அரசருக்கு ஒரு கட்டளை

"ஃபூஃபூக் களியைப் பாதியிலேயே நிறுத்திட்டு, எழுந்து முற்றத்தைச் சுத்தி வரணுமாம் ராஜா! தோழன் சொல்லுது."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அரசர் பனாஹெனேயிடம் யாரும் நேரடியாகப் பேசக்கூடாது. எதுவானாலும் தங்கப்பூண் கோல் பிடித்த அரசவைப் பேச்சாளர் அசியாமாவின் வாய் வழியாகத்தான் போகவேண்டும். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து அரசரின் மகள் அனுப்பிய செல்போனில் இருந்த ஏஐ தோழனுக்கும் அதே சட்டம்தான். அது அசியாமாவின் காதில் சொல்லும். அவர் அரசருக்குச் சொல்வார்.

"ஒரே ஒரு உருண்டை?" என்றார் அரசர்.

அசியாமா காதுக்கருவியைத் தொட்டுக்கொண்டார். "முடியவே முடியாதாம்."

"திமிரைப் பாரு அதுக்கு!"

உறுமினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். சர்க்கரை நோயால் வலது பாதம் புண்ணாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. பாதத்தை எடுத்துவிட்டால் அரியணையும் போய்விடும்; அங்கம் குறைந்தவர் அதில் உட்காரக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

"அரசரையே எழுப்பி நடக்க வைக்குதே! அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கோ!" என்று சபையினர் வாயில் கைவைத்தார்கள்.

விடிந்தால் நடை, வேளைக்கு மாத்திரை, அரை வயிற்றுச் சாப்பாடு. மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது.

டாக்டர் எஃபுவா அந்தப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அசியாமாவிடம், "நான் எவ்வளவு கெஞ்சியும் கேக்காதவர்! அந்தத் தோழனைக் கொஞ்சம் காட்டுங்கய்யா" என்றார்.

அசியாமா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். டாக்டர் எங்கே அழுத்தியும் திரை ஒளிரவில்லை.

"இது செத்துக் கெடக்கே!"

அசியாமா அப்படியே அரசரின் காலடியில் விழுந்தார்.

"முதல் வாரமே செத்துப்போச்சு ராஜா. சொன்னா மறுபடி உக்காந்துடுவீங்களோன்னு பயம். அதுக்கப்புறம் எல்லாம் நான் சொன்னதுதான். உங்களுக்கே கட்டளை போட்டுட்டேன். என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

அரசர் குனிந்து அவரது தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"அந்தப் போனைத் தண்ணிப்பானையில முக்கி எடுத்து வெச்சதே நான்தான்யா. காலமெல்லாம் ஊரார் பேச்சையே எங்கிட்ட கொண்டுவந்தே. ஒரு தடவையாவது உன் பேச்சைக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."