தாடிக்காரரின் சவரக்கத்தி

செத்துப்போன அப்பாவின் சவரக்கத்தியைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காகத் துரு நீக்கக் கொண்டுவந்திருந்தாள் அமிர்தவல்லி. சாணை பிடிக்கும் காசிம் பாய் அதை எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“துரு மேலாகத்தான்மா இருக்கு. ஆனா அலகு பாதி தேஞ்சிருக்கே. தினம் தீட்டின கத்தி. அப்பா எப்பவும் மழமழன்னு இருப்பாரோ?”

“நெஞ்சு வரைக்கும் தாடி, பாய். ஒருநாளும் எடுத்ததில்ல.”

“அப்ப வீட்ல வேற ஆம்பளைங்க?”

“யாருமில்ல. நானும் அம்மாவுந்தான்.”

காலையில் அம்மா முகம் கழுவப் போனால் அப்பாவும் கூடவே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அமிர்தவல்லியின் விரல்கள் தன் மோவாயில் சொரசொரத்த முடியைத் தடவின. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“அலமாரிக்குத்தானே, கூர மழுக்கிடவா?”

“வேண்டாம் பாய். நல்லா தீட்டியே குடுங்க.”