மண் தண்ணீர்

வலிப்பு மாத்திரை போட்டால் என் தம்பி ஆதவனுக்கு வயிறு எரியும். சோறு இறங்காது. "இந்தக் கருமத்த நிறுத்தப் போறேன்க்கா" என்பான். நிறுத்திவிடுவானோ என்பதுதான் என் பயம்.

ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு கஃபேயில் அவனுக்கு வேலை. ஒருநாள் அங்கிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் மண்.

"தண்ணியில கலக்கிக் குடிக்கணும். வயித்துல இருக்கற விஷத்தையெல்லாம் இழுத்துக்குமாம்."

"மண்ணையாடா?"

"சின்ன வயசுல நான் தின்னப்ப முதுகுல ரெண்டு வெச்சியே. வெள்ளைக்காரன் காசு குடுத்துத் தின்றான் பாரு."

மாத்திரை போட்டதும் ஒரு டம்ளர் குடித்தான். எரிச்சல் அடங்கியது. "அக்கா, பசிக்குது" என்று வந்து நின்றான். அதன்பிறகு தினமும் மாத்திரை, உடனே மண் தண்ணீர்; நான் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை.

அடுத்த பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அவனுக்கு வலிப்பு விடாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

"மாத்திரைய நிறுத்திட்டாரா? ரத்தத்துல மருந்தே இல்லையே" என்றார் டாக்டர்.

"ஒரு வேளைகூட விடலைங்க." பையிலிருந்த காலி அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கூட வேற ஏதாவது சாப்ட்டாரா?"

சொன்னேன். அவர் ஒரு காலி அட்டையைக் கையில் எடுத்தார்.

"மாத்திரையையும் அது இழுத்துக்கிச்சும்மா. விஷம் எது, மருந்து எதுன்னு மண்ணுக்குத் தெரியாது."